கல்லறையைப் பிரித்து வைத்துக்கொண்டு அல்லேலூயாவா?

ஈஸ்டருக்கு மறுநாள் வருகிற திங்கட்கிழமையைப் பற்றி யாரும் பிரசங்கம் வைப்பதில்லை. சனிக்கிழமை ராத்திரி கோயில் வாசலில் நெருப்பு மூட்டி, பாஸ்கா மெழுகுத்திரி ஏற்றி, தவக்காலம் முழுக்கப் பாடாமல் வைத்திருந்த அல்லேலூயாவைத் தொண்டை கிழியப் பாடிவிட்டு, நடுநிசிக்கு மேல் சாரத்துக்குத் திரும்புகிறோம். ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்பு. திங்கட்கிழமை சித்தாள் வேலைக்குப் போகிறவர் போகிறார், துப்புரவு வேலைக்குப் போகிறவர் போகிறார். உயிர்த்தவர் எங்கே போனார்?

இதை முதலில் கேட்டது நானில்லை. எங்கள் தெருவில் கல்லூரி படிக்கிற ஒரு தம்பி. "அண்ணே, உயிர்ப்புங்கிறது செத்தப்புறம் கிடைக்கிற வாழ்வுதான்னா, இப்ப உயிரோட இருக்கிற நமக்கு அதுல என்ன இருக்கு?" என்றான். அன்றைக்கு ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அவனுக்குச் சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு ஈஸ்டர் என்றாலே எங்க ஆயாவின் சாவுதான் ஞாபகத்துக்கு வரும். பழைய தென்னார்க்காட்டில் ஒரு கிராமம். ஆயாவுக்கு எழுத்து தெரியாது, செபம் அத்தனையும் மனப்பாடம். தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றுகூட விடாமல் சிலுவைப்பாதை செய்தவள், அந்தத் தவக்காலத்திலேயே செத்துப்போனாள். பிணம் தூக்குகிற தூம்பா பங்குக்கோயிலில் இருந்தது. அது ஊர்த்தெருக்காரர்களுக்கு. நமக்கென்று தனியாக ஒன்று, பலகை ஆட்டம் கண்டது. பெரிய கோயிலுக்குள் பிணத்தைக் கொண்டுபோக முடியாது, பெரிய தெரு வழியாகவும் போக முடியாது. வரப்பு மேலேயே தூக்கிக்கொண்டு நம்முடைய கல்லறைக்குப் போனோம். சாமியார் அங்கே வந்து மந்திரித்தார். கடைசி நாளில் இவள் உயிர்த்தெழுவாள் என்று செபம் சொன்னார். குழியை மூடிக்கொண்டிருந்த எங்க மாமா மண்வெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "எழுந்து எந்தத் தெரு வழியா சாமி வருவா?"

சாமியார் பதில் சொல்லவில்லை. நல்ல மனுஷர்தான். அவருக்குப் பதில் தெரியவில்லை.

இது எங்கள் குடும்பத்துக் கதை மட்டும் என்றால் எழுதியிருக்க மாட்டேன். நம்முடைய புதுவை–கடலூர் உயர் மறைமாவட்டத்திலேயே, உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூர் இருக்கிறது. கத்தோலிக்க ஊர். வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் ஒரே மாதா, ஒரே திருப்பலி. ஆனால் கல்லறை வேறு, பிணம் போகிற வழி வேறு. அவமானம் பொறுக்காமல் தங்களுக்குத் தனிப்பங்கு வேண்டும் என்று கேட்டு, 2008 மார்ச்சில் தலித் மக்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். மார்ச் 9-ஆம் தேதி அவர்கள்மேல் தாக்குதல் நடந்தது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் வன்னியர்கள் இரண்டு பேர் செத்தார்கள். அந்த வருஷம் ஈஸ்டர் மார்ச் 23. சரியாக இரண்டு வாரம். செத்த இரண்டு பேரும் ஏழைகள் பெற்ற பிள்ளைகள்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். சாதி தன் ஆட்களையும் காவு வாங்கித்தான் நிற்கிறது.

திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவிலேயே மதில் எழுப்பி இந்தப் பக்கம் தலித், அந்தப் பக்கம் மற்றவர் என்று பிரித்து வைத்திருந்தார்கள். 2010-இல் அதை இடிக்கக் கிளம்பியவர்கள் யார்? பெரியார் திராவிடர் கழகத் தோழர்கள். கடவுள் இல்லை என்கிறவர்கள் கல்லறைக் கல்லைப் புரட்ட வந்தார்கள். உயிர்ப்பை விசுவசிக்கிறவர்கள் "மத விஷயத்தில் தலையிடாதே" என்றார்கள்!

தோழர்களே, ஈஸ்டர் கதையைப் பூசாரித்தனம் இல்லாமல் ஒருமுறை படித்துப் பாருங்கள். அது கல்லறைத் தோட்டத்தில் தொடங்குகிறது. போனவர்கள் பெண்கள். போகிற வழியில் அவர்களுக்கிருந்த கவலை, அந்தக் கல்லை யார் நமக்குப் புரட்டித் தருவார்கள் என்பது. நம் ஆட்களின் கவலையும் அதேதான். உயிர்த்தவர் எருசலேம் கோயிலில் போய் நின்று காட்சி தரவில்லை. கலிலேயாவுக்குப் போகிறேன், அங்கே வாருங்கள் என்று சொல்லி அனுப்புகிறார். கலிலேயா என்பது எருசலேம்காரன் மூக்கைச் சுளிக்கிற இடம். அந்த ஊர்க்காரன் பேச்சை வைத்தே ஆளை அடையாளம் கண்டுபிடித்துவிடுவான். நமக்குத் தெரியாத விஷயமா இது!

அப்புறம் அவர் என்ன செய்தார்? சாப்பிட்டார். எம்மாவு போகிற வழியில் கூட நடந்த இரண்டு பேரோடு உட்கார்ந்து அப்பம் பிட்டார். கடற்கரையில் கரி நெருப்பு மூட்டி மீன் சுட்டு, ராத்திரியெல்லாம் வலை போட்டுக் களைத்து வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். சந்தேகப்பட்ட தோமாவிடம், காயத்தில் கை வைத்துப் பார் என்றார். தொட்டுப் பார்ப்பதும் சேர்ந்து சாப்பிடுவதும்தான் உயிர்ப்புக்குச் சாட்சி. சாதி தடை போடுவதும் இந்த இரண்டுக்கும்தானே? மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம்ம பரட்டை அண்ணன், ஒரே உலையில் பொங்கிச் சாப்பிடுவதை இறையியலாகவே பேசினார். பறையைக் கோயில் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். சமபந்தி மட்டும் போதாது, அகமணம் உடைய வேண்டும் என்று அம்பேத்கர் 1936-லேயே எழுதிவிட்டார், அதுவும் சரி. கல்யாண விளம்பரங்களைப் பாருங்கள்: 'ஆர்.சி.' என்று போட்டுப் பக்கத்திலேயே சாதிப் பெயர். ஞானஸ்நானத் தண்ணீர் அங்கேமட்டும் படவே இல்லை.

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொன்றும் தெரிய வேண்டும். 1745 அக்டோபரில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை தன் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். நம்ம சம்பாக் கோயிலுக்குள்ளே அன்றைக்கு ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் பறையர், இன்னொரு பக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் சட்டைக்காரர்களும். நம் ஆட்கள் திரண்டு பெரிய சாமியாரிடம் போய், நாங்களும் உங்கள் பிள்ளைகள்தானே, எங்களுக்கு ஏன் சுவர் என்று கேட்டார்கள். சுவர் இடிக்கப்பட்டது. சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்துப்போய்க் கலகம் செய்தார்கள். 1761-இல் இங்கிலீஷ்காரன் ஊரையே தரைமட்டமாக்கினான், அந்தக் கோயிலும் போயிற்று. இன்று மிஷன் வீதியில் நிற்பது பிறகு கட்டியது. இதில் நான் பிடித்துக்கொள்வது ஒன்றைத்தான்: சுவர் எந்தச் சாமியாரின் கருணையாலும் தானாக விழவில்லை. நம்ம ஜனம் போய்க் கேட்டது. எனக்குத் தெரிந்து புதுச்சேரியில் நடந்த முதல் ஈஸ்டர் அதுதான். அது அக்டோபர் மாசத்தில் வந்தது.

இனி அந்தத் தம்பிக்கு. அவன் கேட்டதற்குப் பின்னால் ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது, எனக்குத் தெரியும். மதம் என்ற இடத்தில் என்ன எழுதுவது? 1950-ஆம் ஆண்டு ஜனாதிபதி ஆணையின் மூன்றாவது பத்தி, இந்துவாக இல்லாதவர் பட்டியல் சாதி ஆக மாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரையும் முஸ்லிமையும் விட்டுவிட்டார்கள். அந்தப் பத்தியையே எடுத்துவிடச் சொன்னது 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம். 2024 நவம்பர் 26 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு நம்ம புதுச்சேரிப் பெண் ஒருவருடையது. ஞானஸ்நானம் வாங்கியவர், கோயிலுக்குப் போகிறவர், ஆகவே பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது என்று ஆனது. விசுவாசம் இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசமைப்பை ஏமாற்றுவது என்றும் சொன்னார்கள். ஏமாற்று யாருடையது? கல்லறையில் பறையன் என்று தள்ளி வைக்கிறது ஊர். தாலுகா ஆபீசில், நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதி இல்லை என்கிறது அரசாங்கம். பிழைக்க வேண்டிய பிள்ளைகள் கழுத்துச் சிலுவையைச் சட்டைக்குள்ளே தள்ளிக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உயிர்த்தவர் காயத்தை மறைக்கவில்லை. ஆணித் தழும்போடுதான் வந்தார். அவரை அடையாளம் காட்டியதே அதுதான்.

அதனால் தம்பி, வருகிற தவக்காலத்தில் நாம் ஒன்று செய்யலாம். நாற்பது நாள் கறி விடுவது உன் விருப்பம். அதோடு உன் அம்மா ஊர், அப்பா ஊர், நம்ம தெருக்காரர்கள் பிறந்த ஊர் என்று ஒவ்வொன்றாகப் போவோம். தூம்பா எத்தனை, கல்லறை எத்தனை, பிணம் எந்தத் தெரு வழியாகப் போகிறது என்று கேட்டு எழுதுவோம். அந்தக் காகிதத்தைப் பெரிய வியாழன் அன்று, பாதம் கழுவுகிற சடங்கு முடிந்ததும், பங்குச் சாமியார் கையில் கொடுப்போம். ஒரு நகல் ஆயர் இல்லத்துக்கு. முதல் ஊராக எங்க ஆயா ஊரை எழுதிக்கொள். வரப்பு வழி எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது, நான் கூட்டிப்போகிறேன்.