இதயம் பலவீனமானால் நினைவாற்றலும் குறையுமா? ஆய்வுகள் சொல்வது என்ன?

இதயச் செயலிழப்புக்குச் சிகிச்சை பெறும் ஒருவர் அடிக்கடி மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறார். காரணம் கேட்டால் வீட்டில் வரும் பதில் பெரும்பாலும் இதுதான்: "சொன்னா கேக்கவே மாட்டேங்கிறார். மாத்திரையை ஒழுங்கா போடறதில்லை, உப்பையும் குறைக்கறதில்லை." இதைப் பிடிவாதம் என்றே பலரும் நினைக்கிறார்கள். சொன்னது அவருக்கு நினைவில் நிற்காமல் போயிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. அந்த மறதிக்கு வயது மட்டுமல்ல, இதயமும் காரணமாக இருக்கலாம் என்கின்றன ஆய்வுகள்.

இதயச் செயலிழப்பு என்றால் என்ன?

பெயரைக் கேட்டால் இதயம் நின்றுவிட்டது போலத் தோன்றும். அப்படி இல்லை. உடலுக்குத் தேவையான அளவு ரத்தத்தை இதயத்தால் பம்ப் செய்ய முடியாத நிலைதான் இது. மாரடைப்பு வேறு, இது வேறு. ஆனால் முன்பு வந்த மாரடைப்பு, பல வருட ரத்த அழுத்தம், சர்க்கரை நோய், வால்வு கோளாறு ஆகியவை இதில் கொண்டுபோய் விடலாம். கொஞ்ச தூரம் நடந்தாலே மூச்சு வாங்குவது, கால் வீக்கம், படுத்தால் மூச்சுத் திணறல், தீராத அசதி ஆகியவை முக்கிய அறிகுறிகள்.

இதில் மூளை எங்கே வருகிறது?

உடல் எடையில் மூளையின் பங்கு சுமார் 2% தான். ஆனால் உடல் ஓய்வில் இருக்கும்போது செலவாகும் ஆக்ஸிஜனில் ஏறக்குறைய 20% மூளைக்கே போகிறது. ஆக்ஸிஜனைச் சேமித்து வைத்துக்கொள்ளவும் அதற்கு வழியில்லை. பம்ப் தளர்ந்தால் சப்ளை குறையும். புதிய நினைவுகளைப் பதிய வைக்கும் 'ஹிப்போகாம்பஸ்' பகுதி, ஆக்ஸிஜன் பற்றாக்குறையால் எளிதில் பாதிக்கப்படக்கூடியது.

ரத்த ஓட்டம் மட்டுமே காரணம் அல்ல. இதயச் செயலிழப்பு உள்ள பலருக்கு இதயத் துடிப்பும் தாறுமாறாக இருக்கும். அப்போது இதயத்துக்குள் உருவாகும் ரத்தக் கட்டிகள் மூளைக்குச் சென்று, வெளியே தெரியாத குட்டிக் குட்டி பாதிப்புகளை ஏற்படுத்தலாம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இதயத்தின் ரத்த நாளங்களைப் போலவே மூளையின் ரத்த நாளங்களையும் கெடுக்கின்றன.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

டென்மார்க்கில் 1980 முதல் 2012 வரை இதயச் செயலிழப்பு கண்டறியப்பட்ட 3.24 லட்சம் பேரை, பொதுமக்கள் சுமார் 16 லட்சம் பேருடன் ஒப்பிட்டார்கள். நோயாளிகளுக்கு டிமென்ஷியா வரும் வாய்ப்பு 21% அதிகமாக இருந்தது. ரத்த நாள பாதிப்பால் வரும் டிமென்ஷியா மட்டும் 49% அதிகம். ஆனால் அல்சைமர் நோய் அதிகரிக்கவில்லை. ரத்த ஓட்டமும் ரத்த நாளங்களும்தான் இங்கே முக்கியம் என்பதற்கு இது ஒரு தடயம்.

அமெரிக்காவில் சுமார் 30,000 பேரின் தரவுகளை வைத்து நடந்த ஆய்வு 2025-ல் வெளியானது. இதயச் செயலிழப்பு கண்டறியப்பட்ட 7 ஆண்டுகளில், நோயாளிகளின் சிந்தனைத் திறன் 10 ஆண்டு முதுமைக்குச் சமமாகக் குறைந்திருந்தது. இதயச் செயலிழப்பு உள்ள எல்லோருக்கும் டிமென்ஷியா வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆபத்து கூடுதல், கவனம் தேவை என்பதே செய்தி.

இந்தியாவுக்கு இது ஏன் முக்கியம்?

திருவனந்தபுரத்தில் 2013-ல் இதயச் செயலிழப்புடன் மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரின் விவரங்கள் பதிவு செய்யப்பட்டன. அவர்களின் சராசரி வயது 61. மேற்கத்திய நாடுகளின் நோயாளிகளைவிட இது ஏறத்தாழ 10 வயது குறைவு. அதாவது, இன்று வேலையில் இருக்கும் பலருடைய அப்பா, அம்மாவின் வயது இது. பேங்க் கணக்கு, வீட்டுச் செலவு, சொந்தமாக வண்டி ஓட்டுவது என எல்லாவற்றையும் தாங்களே பார்த்துக்கொள்ளும் வயது.

சிகிச்சையே சிக்கலாவது எப்படி?

இதயச் செயலிழப்பு சிகிச்சையில் பாதி வேலை நோயாளியின் கையில் இருக்கிறது. தினமும் பல மாத்திரைகள், உப்பில் கட்டுப்பாடு, காலையில் எடை பார்ப்பது, 3 நாளில் 2 கிலோவுக்கு மேல் ஏறினால் உடனே மருத்துவரிடம் சொல்வது. எல்லாவற்றுக்கும் ஞாபகமும் திட்டமிடலும் வேண்டும். மூளை தடுமாறினால் மாத்திரை தவறும், இதயம் இன்னும் பலவீனமாகும், அது மறுபடியும் மூளையைப் பாதிக்கும். டாக்டர் முன்னால் "சரிங்க டாக்டர்" என்று தலையாட்டியவருக்கு, வீட்டுக்கு வந்ததும் எது காலை மாத்திரை, எது இரவு மாத்திரை என்று தெரியாமல் போகலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

* "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று கேட்டால், பழக்கத்தில் "போட்டாச்சு" என்றே பதில் வரும். கிழமை எழுதிய மாத்திரை டப்பாவை வாங்கி, அதைத் திறந்து பாருங்கள்.
* எடையை காலண்டரில் எழுதி வைக்கலாம். வெளியூரில் இருப்பவர்கள் எடை மெஷினை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லலாம்.
* சொன்னதையே திரும்பச் சொல்வது, பில் கட்ட மறப்பது, பழகிய வேலையில் தடுமாறுவது ஆகியவற்றைக் குறித்து வைத்து, அடுத்த செக்கப்பில் இதய மருத்துவரிடமே சொல்லுங்கள். எளிய கேள்விகளை வைத்து நினைவாற்றலைச் சோதிக்கும் முறைகள் இருக்கின்றன.
* திடீரெனக் குழப்பம் வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சோடியம் குறைவது, தொற்று, பக்கவாதம் என எதுவாகவும் இருக்கலாம். சோடியம் குறைவு என்றதும் சாப்பாட்டில் உப்பைக் கூட்டிவிடக் கூடாது. இவர்களுக்குப் பெரும்பாலும் உடலில் தேங்கும் நீரால்தான் சோடியம் குறைகிறது. உப்பு கூடினால் நீர் இன்னும் தேங்கும்.

இழந்த நினைவாற்றல் திரும்புமா?

எல்லா மறதியும் நிரந்தரம் இல்லை. தைராய்டு குறைபாடு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது போன்றவை காரணமாக இருந்தால் சிகிச்சை பலன் தரும். ஸ்டாக்ஹோமில் 75 வயதைக் கடந்த 1,301 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2006-ல் வெளியானது. இதயச் செயலிழப்பு இருந்தாலும், ரத்த அழுத்த மாத்திரை எடுத்தவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து ஓரளவு குறைவாகவே இருந்தது. மாத்திரைதான் காரணம் என்பதை இந்த ஒரு ஆய்வு நிரூபித்துவிடாது. ஆனாலும் ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதும் மாத்திரையைத் தவறவிடாமல் இருப்பதும் இதயத்துக்கு நிச்சயம் நல்லது. அதற்கு வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக்கொள்ள வேண்டும். "சொன்னா கேக்க மாட்டேங்கிறார்" என்று கோபப்படுவதற்கு முன், சொன்னது அவருக்கு ஞாபகம் இருக்கிறதா என்று பொறுமையாகக் கேட்டுப் பார்க்கலாம்.