சால்வையைக் காட்டினால் பஸ்ஸில் டிக்கெட் தர மாட்டார்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் ஆய்வு மாணவர்களின் அலைபேசிகள் ஓயாமல் அடிக்கும். 'தோழர், பதினாலாம் தேதி எங்க காலேஜுக்கு வந்து அம்பேத்கர் பத்தி ஒரு மணி நேரம் பேசணும்.' எந்த ஊர், எத்தனை மணி, என்ன தலைப்பு எல்லாம் முடிவாகிவிடும். பணம் மட்டும் பேசப்படாது. அவர்கள் சொல்ல மாட்டார்கள், நாமும் கேட்க மாட்டோம்.

அதே கல்லூரி ஆண்டு விழாவுக்குப் பட்டிமன்றக் குழுவை அழைக்கும்போது தொகைதான் முதல் பேச்சு. முன்பணம் போகும், காரும் போகும். பட்டிமன்றக்காரர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. பேச்சு ஒரு வேலை, வேலைக்குக் கூலி உண்டு என்பதில் அவர்கள் தெளிவாக இருக்கிறார்கள். என் கேள்வி வேறு. சிரிக்க வைக்கும் பேச்சு வேலையாகவும், சாதியைப் பற்றிய பேச்சு மட்டும் சேவையாகவும் ஆனது எப்படி?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்லூரிக் கருத்தரங்கில் நான்கு பேர் பேசினோம். முடிந்ததும் ரசீதுகளோடு வந்த எழுத்தர் மூன்று பேராசிரியர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு உறையைக் கொடுத்தார். என்னைத் தாண்டிப் போய்விட்டார். ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டேன். 'நீங்க இன்னும் ஸ்காலர்தானே, இது உங்களுக்கு நல்ல எக்ஸ்போஷர்' என்றார். எனக்கு ஒரு சால்வை கிடைத்தது. சால்வையைக் காட்டினால் எந்த நடத்துநரும் டிக்கெட் கிழித்துத் தர மாட்டார்.

இதைச் சின்ன விஷயம் என்று தள்ள முடியாது. யாருடைய உழைப்புக்குக் கூலி, யாருடைய உழைப்பு வெறும் 'வழக்கம்' என்று பிரித்து வைத்த ஏற்பாடுதான் சாதி. சாவுச் சேதி சொல்லப் போனவருக்கும், பறையடித்தவருக்கும் ஊர் கொடுத்தது கூலியல்ல, மிச்சம். மகாராட்டிரத்தில் மகர்களை அரசுக்கும் ஊருக்கும் இரவு பகலாக வேலை வாங்கிய வதன் முறையை மாற்ற அம்பேத்கர் 1928-இல் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். உழைப்புக்கு உரிய கூலி கேட்பது அவருடைய அரசியலின் நடுவில் இருந்தது. அவருடைய பிறந்தநாளிலேயே நம்மிடம் இலவச உழைப்பு வாங்குகிறார்கள்.

'இயக்கப் பேச்சுக்குக் காசா?' என்று சில தோழர்கள் முகம் சுளிப்பார்கள். பெரியார் தன்னோடு படம் எடுத்துக்கொள்ளவும் கையெழுத்துக்கும் காசு வாங்கினார், அதை இயக்கத்துக்குச் சேர்த்தார். காசைப் பற்றி வெளிப்படையாகப் பேச அவர் கூச்சப்படவில்லை. இலவசமாகப் பேசிக்கொண்டே இருக்க யாரால் முடியும்? சொந்த வீடும் நிலமும் நிரந்தரச் சம்பளமும் இருப்பவரால் முடியும். அப்படியானால் மேடை மெல்ல மெல்ல அவர்களுக்கே போய்ச் சேரும். முதல் தலைமுறையாகப் படித்து வந்தவர் இரண்டு வருடம் பேசுவார், பிறகு கடன் அடைக்க வேறு வேலைக்குப் போய்விடுவார்.

எல்லா இடத்திலும் கேட்கச் சொல்லவில்லை. சேரி இரவுப் பள்ளி, போராட்டப் பந்தல், மாணவர்கள் கைக்காசு போட்டு நடத்தும் வாசிப்பு வட்டம், இங்கெல்லாம் நம் காசைச் செலவழித்துப் போவோம். கட்டணம் வசூலிக்கும் கல்லூரி, நிதி ஒதுக்கீடு உள்ள துறை, பெருநிறுவனம், வெளிநாட்டுத் தமிழ்ச் சங்கம், இங்கெல்லாம் கேட்போம். முன்னதற்குப் போக முடிவதே பின்னது கொடுக்கும் பணத்தால்தான்.

எவ்வளவு கேட்பது? ஒரு கணக்கு சொல்கிறேன். யுஜிசியின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். நாளுக்குச் சுமார் 1,230. ஒரு பேச்சுக்குத் தயாரிக்க ஒரு நாள், போய்வரவும் பேசவும் இரண்டு நாள். ஆக 3,700 ரூபாய், பயணமும் தங்குமிடமும் தனி. இதற்குக் கீழே கேட்டால் அரசாங்கம் உங்கள் நேரத்துக்குப் போட்ட மதிப்பைவிட நீங்களே குறைத்துப் போடுகிறீர்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் இல்லாமல் மாதம் 8,000 ரூபாயிலும், பிற இடங்களில் எதுவுமே இல்லாமலும் ஆய்வு செய்பவர்களும் இதே தொகையைக் கேட்க வேண்டும். வேலை ஒன்றுதானே.

வாய்ப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம், தேடிப் போகலாம். தமிழக அரசு செப்டம்பர் 17-ஐச் சமூகநீதி நாளாக 2021-இலும், ஏப்ரல் 14-ஐச் சமத்துவ நாளாக 2022-இலும் அறிவித்தது. நாள் தெரியும் என்பதால் கல்லூரிகளுக்கு இரண்டு மாதம் முன்பே எழுதலாம். கடைசி வாரத்தில் வரும் அழைப்பில் பணம் இருக்காது. நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், சம வாய்ப்பு மையம், மாவட்டப் புத்தகத் திருவிழாக் குழு, வங்கி மற்றும் காப்பீட்டு ஊழியர் சங்கங்கள் என்று ஒரு பட்டியல் போடுங்கள். ஒரு பக்கத்தில் மூன்று தலைப்புகள், ஒவ்வொன்றுக்கும் நான்கு வரி, நீங்கள் பேசிய பத்து நிமிடக் காணொலியின் இணைப்பு. இது போதும்.

அழைப்பு வந்ததும் ஐந்து கேள்வி கேளுங்கள். கேட்க வருவது யார்? எத்தனை நிமிடம்? மேடையில் வேறு யார், அவர்களுக்கு மதிப்பூதியம் உண்டா? பணம் எப்போது, எப்படி வரும்? பேச்சைப் பதிவு செய்து எங்கே போடுவார்கள்? பதிலை மின்னஞ்சலில் வாங்குங்கள். பான் எண்ணும் வங்கி விவரமும் சேர்த்து ஒரு பில்லை முன்னதாகவே அனுப்பிவிடுங்கள். வரி பிடித்தால், வருமானம் வரம்புக்குள் இருக்கும் பட்சத்தில் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

காசு வாங்கினால் அவர்கள் சொல்வதைத்தானே பேச வேண்டும் என்ற பயம் நியாயமானது. 1936 மாநாட்டின் தலைமை உரைக்கு லாகூரின் ஜாத்-பாத் தோடக் மண்டல் அம்பேத்கரை அழைத்தது. உரையைப் படித்துப் பார்த்துச் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார், மாநாடே ரத்தானது. தன் செலவில் அச்சிட்டிருந்த 1500 படிகளை அவர் வெளியிட்டார். அதுதான் 'சாதி ஒழிப்பு'. 2022 ஏப்ரலில் கூகுள் நிறுவனத்தில் தேன்மொழி சௌந்தரராஜன் சாதி பற்றிப் பேச இருந்த கூட்டம், ஊழியர்கள் சிலரின் எதிர்ப்புக்குப் பின் ரத்து செய்யப்பட்டது. எனவே இரண்டையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்: தொகை இவ்வளவு, உள்ளடக்கம் என்னுடையது.

இன்னொரு பொறியும் உண்டு. அடிமைத்தளையிலிருந்து தப்பிய பிரெடரிக் டக்ளஸை 1841-இல் மாசசூசெட்ஸ் அடிமை ஒழிப்புச் சங்கம் ஊதியத்தோடு பேச்சாளராக வைத்துக்கொண்டது. ஆனால் உன் கதையை மட்டும் சொல், தத்துவத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள் வெள்ளைத் தோழர்கள். நமக்கும் 'உங்க அனுபவத்தைச் சொல்லுங்க' என்றே அழைப்பு வருகிறது. காயத்தைக் காட்ட நாம், கோட்பாட்டைச் சொல்லப் பேராசிரியர். ஆய்வுத் தலைப்பில்தான் பேசுவேன் என்று சொல்ல நமக்கு உரிமை இருக்கிறது.

யாருக்கு எந்த நிறுவனம் எவ்வளவு கொடுத்தது என்பதை நாம் நமக்குள் மறைக்காமல் பேசிக்கொள்ள வேண்டும். அந்த ரகசியம் கொடுப்பவருக்கு மட்டுமே லாபம். மூத்த தோழர்களிடம் ஒரு கோரிக்கை: அடுத்த முறை உறையை வாங்கும் முன், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆய்வு மாணவிக்கும் உண்டா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.