ஐரோப்பிய விவசாயக் கொள்கையும் ஸ்தல ஸ்தாபனங்களும்

ஐரோப்பாவின் விவசாய ஏற்பாடுகள் யாவும் பிரஸ்ஸல்ஸ் நகரத்திலே தீர்மானிக்கப்படுகின்றனவென்றும், கீழ்ப்படிவதைத் தவிரக் கிராமங்களுக்கு வேறு வேலையில்லையென்றும் சொல்லுவது வழக்கம். மேலிடத்துச் சர்க்குலர்களை வயலிலே செய்து காட்டுவதே என் உத்தியோகமாதலால், இவ்விதப் பேச்சு எனக்குப் பழக்கமானதே. எனினும் அது பாதி உண்மைதான். நிலத்தின் இயற்கை வளத்தைக் கெடாமற் காப்பதற்காகக் குடியானவனுக்குப் பணம் கொடுக்கும் முறை இன்று ஐரோப்பிய ஒன்றியமெங்கும் வழங்கி வருகிறது. அது ஏற்பட்டதற்கு இங்கிலாந்தின் ஒரு மூலையில் நடந்த மேய்ச்சல் நிலத் தகராறும் ஒரு முக்கிய காரணமாகும்.

நார்ஃபோக் ஜில்லாவில், கிரேட் யார்மத் துறைமுகத்துக்கு மேற்கே, ஹால்வர்கேட் என்ற தாழ்ந்த ஈரநிலம் பரந்து கிடக்கிறது. கரையிட்டு, வாய்க்கால் வெட்டி, தலைமுறை தலைமுறையாக மாடு மேய்த்து வந்த பூமி. அப்பொழுது பிரிட்டன் ஐரோப்பிய சமூகத்தில் அங்கத்தினராயிருந்தது (2020-ல் அது விலகிவிட்டது). கோதுமைக்கு ஐரோப்பிய சமூகம் விலை உத்தரவாதம் அளித்திருந்தது. ஈரத்தை வடித்து உழுதால் மாட்டைவிடக் கோதுமையிலே லாபம் அதிகம். இந்நிலையில் நிலச்சொந்தக்காரன் உழ விரும்பியதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். கணக்குத் தெரிந்த எவரும் அப்படித்தான் செய்வார்.

அந்தப் பிரதேசத்தைக் கவனிக்க 1978-ல் பெரும்பாலும் ஸ்தல கவுன்சில்களின் முயற்சியால் பிராட்ஸ் நிர்வாக சபை ஏற்பட்டிருந்தது. 1981-ம் வருஷத்துச் சட்டப்படி, உழவேண்டாமென்று ஒருவரைத் தடுத்தால், அவருக்கு வராமற்போன லாபத்தைச் சபையே ஈடுசெய்ய வேண்டும். இதன் விளைவைக் கவனியுங்கள். உழப்போகிறேன் என்று அறிவித்தவருக்குப் பணம்; சத்தமின்றி மாடு மேய்த்து வந்தவருக்கு ஒன்றுமில்லை! ஸ்தல சபையின் சிறிய பொக்கிஷம் இப்பாரத்தைத் தாங்கக்கூடியதன்று. 1984-ல் விவகாரம் முற்றி, வடிகால் வெட்ட வந்த இயந்திரங்களின் எதிரிலே ஆட்கள் மறியல் செய்யும் வரை போயிற்று.

1985-ல் புதிய ஏற்பாடு ஒன்று பரீட்சார்த்தமாக மூன்று வருஷத்துக்கு நடைமுறைக்கு வந்தது. மேய்ச்சல் தரையை மேய்ச்சல் தரையாகவே வைத்துக்கொள்ளச் சம்மதிக்கும் எவருக்கும் ஏக்கருக்கு வருஷம் 50 பவுன். மிரட்டத் தேவையில்லை, வாதாடத் தேவையில்லை. பெரும்பாலோர் மனமுவந்து சேர்ந்தனர். அதே வருஷம், இத்தகைய உதவியைத் தேசங்கள் கொடுக்கலாமென்று, பிரிட்டன் வற்புறுத்தியதன் பேரில், ஐரோப்பிய விதியொன்றில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. 1987-ல் ஐரோப்பிய நிதியும் இதற்குப் பங்கு கொடுக்கத் தொடங்கிற்று. 1992-ல் இம்மாதிரித் திட்டம் எல்லா அங்கத்தினர் தேசங்களிலும் இருக்கவேண்டுமென்பது கட்டாயமாயிற்று. ஒரு ஜில்லாவின் சங்கடம் ஏழு வருஷத்தில் ஒரு கண்டத்தின் விதியாக மாறியது.

ஜெர்மனியிலும் இவ்வாறே. பாடன்-வூர்ட்டம்பர்க் மாகாண சர்க்கார் 1988-ல் பூமியிலிருந்தும் ஆறுகளிலிருந்தும் எடுக்கும் தண்ணீருக்கு ஒரு கட்டணம் விதித்தது. அதே வருஷம், குடிநீர்ப் பாதுகாப்பு எல்லைக்குள் உரத்தைக் குறைத்துப் போடும் விவசாயிகளுக்கு நஷ்டஈடு கொடுக்கவும் ஏற்பாடு செய்தது. தண்ணீரைக் கெடுப்பவனுக்கே பணமா என்று பலர் ஆட்சேபித்தனர். ஆட்சேபத்தில் நியாயமில்லாமலில்லை. ஆனால் அபராதம் விதித்தால் அதிகாரி வரும் நாளில் மட்டும் மூட்டை ஒளிந்துகொள்ளும் என்பதைக் கிராமத்தில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். மியூனிக் நகரசபையின் தண்ணீர் இலாகா, தனக்கு நீர் தரும் மாங்பால் பள்ளத்தாக்கின் விவசாயிகளோடு 1992 முதல் ஒப்பந்தம் செய்துகொண்டு, இரசாயன உரமும் பூச்சிமருந்துமின்றிப் பயிரிட அவர்களுக்குப் பணம் கொடுத்து வந்தது. அங்கே தண்ணீரிலிருந்த நைட்ரேட், லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்ற ஐரோப்பிய வரம்புக்கு மிகவும் கீழேதான் இருந்தது. ஏறிக்கொண்டிருந்தது என்பதே கவலை. வரம்பைத் தாண்டும் வரை காத்திராமல் முன்கூட்டியே செலவழித்த நகரசபையை மெச்சத்தான் வேண்டும்.

ஸ்தல ஸ்தாபனங்களின் குரலுக்கென்றே 1994-ல் பிரஸ்ஸல்ஸில் பிரதேசங்களின் கமிட்டி கூடத் தொடங்கிற்று. இன்று அதில் மேயர்களும் பிரதேச மந்திரிகளும் கவுன்சிலர்களுமாக 329 ஸ்தானங்கள் உண்டு. சுற்றுப்புறம் முதலிய விஷயங்களில் அவர்களைக் கலந்தே சட்டம் செய்யவேண்டும். ஆனால் அவர்கள் சொல்வது யோசனைதான், மேலிடத்தைக் கட்டுப்படுத்தாது. யோசனை சொல்லும் உரிமையைவிட, கையில் கொஞ்சம் பணமும் அதைச் செலவிடும் அதிகாரமும் மேலென்பது என் அபிப்பிராயம். அந்த வகையில் 1991-ல் ஆரம்பமான ‘லீடர்’ திட்டமே எனக்குப் பிடித்தது. கிராமப் பகுதியின் கவுன்சில்காரர்களும் விவசாயிகளும் வியாபாரிகளும் ஒரு குழுவாய்க் கூடி, தங்கள் பகுதிக்கு வேண்டியதைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த ஒரு தரப்பாரும் தீர்மானங்களைத் தம் கைக்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்ற விதி, பெரிய பண்ணைக்காரரையும் உத்தியோகஸ்தரையும் ஒருங்கே அடக்கி வைக்கிறது!

சமீப காலத்தில் காற்று வேறு திசையில் வீசுகிறது. 2014-ல் தொடங்கிய திட்டகாலத்தில் ஒன்றியம் முழுவதிலும் 118 கிராம அபிவிருத்தித் திட்டங்கள் இருந்தன. இத்தாலி, ஸ்பெயின் போன்ற தேசங்களில் பிரதேசத்துக்கு ஒன்றாய் நடந்தன. 2023 முதல் அவை 28 விவசாயத் திட்டங்களாகச் சுருங்கின. தேசத்துக்கு ஒன்று, பெல்ஜியத்துக்கு மட்டும் இரண்டு. கணக்கு எழுதுவது எளிதாயிருக்கலாம். ஆல்ப்ஸ் மலைச் சரிவில் புல் வெட்டுபவனுக்கும் சிசிலியில் நாரத்தை பயிரிடுபவனுக்கும் ஒரே தஸ்தாவேஜில் இடம் தேடுவது எளிதன்று. 2025 ஜூலையில் ஐரோப்பிய கமிஷன் இன்னும் ஒரு படி போய், 2028 முதல் விவசாய நிதியையும் பிரதேச அபிவிருத்தி நிதியையும் தேசத்துக்கு ஒரே திட்டமாக இணைக்கலாமென்று முன்மொழிந்தது. பிரதேசங்களின் கமிட்டி அதைப் பலமாக எதிர்த்தது. அங்குள்ள ஸ்தல ஸ்தாபனத்தார், நிதி போனால் தங்கள் பேச்சுக்கும் மதிப்புப் போய்விடுமென்று அஞ்சுகின்றனர். ஹால்வர்கேட்டில் பணமின்றித் தவித்த அந்தச் சபையை நினைத்தால், அவர்கள் அஞ்சுவதில் தவறிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.