பரிசு வழங்கியவர் பெயர்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பையன் என்னைத் தேடிக்கொண்டு வந்தான். சேத்தியாத்தோப்புக்காரன், என் ஊர்ப் பிள்ளை. நாளிதழ் ஒன்றின் மாவட்டப் பதிப்புக்குப் பள்ளிக்கூட விளையாட்டுச் செய்திகளைத் திரட்டித் தர ஆள் வேண்டுமாம். மனுப் போடப் போகிறான்; என்னிடமிருந்து ஒரு சிபாரிசுக் கடிதம் வேண்டும். கதை எழுதுகிறவனின் கடிதத்துக்குப் பத்திரிகை ஆபீசில் மதிப்பு உண்டு என்று நம்புகிற அளவுக்கு அவன் வெள்ளை மனசுக்காரன். "புதன்கிழமை வா, தம்பி" என்று சொல்லி அனுப்பினேன்.

அப்போது என்னோடு பேசிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், பையன் தெருமுனை திரும்புகிற வரையில் பொறுத்திருந்து, பிறகு சிரித்தார். நன்றாகப் படித்தவர், என் கதைகளையும் படிக்கிறவர், ஆகவே பெயரைச் சொல்வதாக இல்லை. "பள்ளிக்கூடத்துப் பசங்க ஓடறதை எழுத ஒரு நிருபரா? யார் சார் படிப்பாங்க அதை?" என்றார். அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கோபம் வந்தால் எனக்கு வாய் வராது; பேனாதான் வரும். இதோ வருகிறது.

நானும் இதே உத்தியோகத்துக்கு மனுப் போட்டவன்தான். 2001-இல், கல்லூரிப் படிப்பை இரண்டாம் வருஷத்தோடு மூட்டை கட்டிவிட்டு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்த காலம். எந்தப் பத்திரிகை என்பது வேண்டாம். மாதிரிக்கு ஒரு செய்தி எழுதிக்கொண்டு வா என்றார்கள். நெய்வேலியில் மாவட்ட அளவிலான பள்ளி விளையாட்டுப் போட்டி நடந்துகொண்டிருந்தது. வடலூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறிப் போனேன்.

சேத்தியாத்தோப்புக்கும் நெய்வேலிக்கும் தூரம் அதிகமில்லை. ஆனால் எங்களுக்கு அது வேறு தேசம். 1956-இல் பழுப்பு நிலக்கரிக்காக நிறுவனம் எழுந்து, பின்னால் நகரியம் எழுந்து, அளந்து போட்ட வீதிகளும் நிழல் மரங்களும் மைதானங்களுமாக இருக்கிற ஊர். எங்கள் பக்கம் கரும்பும் நெல்லும் வெள்ளாறும்தான். எங்கள் பிள்ளைகள் ஓடிப் பழகுவது அறுத்த வயலில். மழை பெய்தால் அதுவும் கிடையாது.

பெண்களுக்கான 1,500 மீட்டர் ஓட்டம். மூன்றே முக்கால் சுற்று. வெள்ளாற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வெறுங்காலோடு, பாவாடைக்குப் பதில் அண்ணனுடையதோ தம்பியுடையதோ ஒரு அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு நின்றாள். இரண்டு சுற்று வரையில் அவள் கடைசி. நான் வேறு பக்கம் பார்க்க ஆரம்பித்துவிட்டேன். கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தபோது திரும்பினால், அவளுக்கு முன்னால் இரண்டே பேர். கோட்டைத் தொடும்போது ஒருவருமில்லை.

குழாயடியில் உட்கார்ந்து காலைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய்ப் பெயர் கேட்டேன். சொன்னாள். "இனிஷியல் எம்; விட்டுடாதீங்க. பேப்பர்ல வருமாண்ணா?" என்றாள்.

"வரும்" என்றேன்.

இரவெல்லாம் எழுதினேன். காலையில் கொண்டுபோய்க் கொடுத்தேன். படித்துப் பார்த்த உதவி ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி: "பரிசு கொடுத்தது யாரு?" நான் அதைக் கவனிக்கவில்லை. "தலைமை யாரு? முன்னிலை யாரு?" அதையும் கவனிக்கவில்லை. அவர் பொறுமையாக யாருக்கோ டெலிபோன் செய்து எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொண்டார். மறுநாள் செய்தி வந்தது. ஒருவர் தலைமை தாங்கினார், நால்வர் முன்னிலை வகித்தனர், ஒருவர் வரவேற்றார், மூவர் வாழ்த்திப் பேசினர், பிரமுகர் பரிசு வழங்கினார், முடிவில் ஒருவர் நன்றி கூறினார். ஆகப் பதினோரு பெயர்கள். பதினொன்றில் ஒருவர்கூட அன்று ஓடவில்லை. ஓடியவர்களைப் பற்றி ஒரு வரி இருந்தது: மாணவ மாணவியர் திரளாகக் கலந்துகொண்டனர்.

அப்புறம் என்னைக் கூப்பிட்டு, பள்ளிக்கூட ஆண்டு விழாக்களுக்கு மாசம் எவ்வளவு வாழ்த்து விளம்பரம் பிடிக்க முடியும் என்று கேட்டார்கள். நான் விழித்தேன். வேலை கிடைக்கவில்லை. மானத்துக்கு அஞ்சி உதறிவிட்டு வந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான்; ஆனால் அது பொய். கொடுத்திருந்தால் போயிருப்பேன்.

யார் படிப்பார்கள் என்று கேட்ட நண்பரே, 1988 பிப்ரவரியில் பம்பாய் ஆசாத் மைதானத்தில் ஹாரிஸ் கேடயத்துக்காக இரண்டு பையன்கள் சேர்ந்து 664 ஓட்டங்கள் எடுத்தார்கள். டெண்டுல்கர் 326, காம்ப்ளி 349, இருவரும் ஆட்டமிழக்கவில்லை. உங்களுக்கு அது மனப்பாடம். என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறீர்கள். அது என்ன உலகக் கோப்பையா? பள்ளிக்கூடத்துப் பசங்க விளையாடியதுதானே? அங்கே ஒருவன் உட்கார்ந்து கணக்கு எழுதினான். அதை வாங்கிப் போடப் பத்திரிகை இருந்தது. ஆகையால் நமக்குத் தெரிகிறது. ஜப்பானில் 1915-இல் உயர்நிலைப் பள்ளிகளின் பேஸ்பால் போட்டியை ஆரம்பித்து வைத்ததே ஒரு பத்திரிகைதான். அசாஹி என்று பெயர். இன்றும் அந்தக் கோடைக்காலப் போட்டியின்போது தேசமே அதைப் பற்றித்தான் பேசுகிறது. ஜப்பானியனுக்குப் பொழுது போகவில்லை என்றா நினைக்கிறீர்கள்?

அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான ஒரு கூத்தும் நடந்தது. 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு பெரிய பத்திரிகை நிறுவனம், பள்ளிக்கூடப் பந்தாட்டச் செய்திகளை ஆள் இல்லாமல் இயந்திரத்தையே எழுத விட்டது. ஜெயித்த அணியின் செல்லப் பெயர் வரவேண்டிய இடத்தில், நிரப்பப்படாத வெற்றிடக் குறியே அச்சாகிவிட்டது. ஊர் சிரித்தது, நிறுத்தி வைத்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இயந்திரமாவது தெரியாமல் இடத்தைக் காலியாக விட்டது. நம் ஊரில் மனிதர்களே தெரிந்து விடுகிறார்கள். பரிசு வழங்கியவர் பெயரை மட்டும் இனிஷியலோடு, பட்டத்தோடு, பதவியோடு நிரப்பிவிடுகிறார்கள்.

இதற்கு நிருபரைக் குறை சொல்லி என்ன பயன்? 1955-இல் பத்திரிகையாளருக்கென்று ஒரு சட்டம் வந்தது. பத்திரிகைத் தொழிலே எவனுக்கு முதன்மைத் தொழிலோ அவனே பத்திரிகையாளன் என்றது அது. (2020-இல் இயற்றிய தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் அதைக் கரைத்துவிட்டார்கள்.) செய்திக்கு இவ்வளவு, படத்துக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் அதை வைத்துக்கொண்டு அடுப்பு மூட்ட முடியாது, ஆகவே செல்போன் கடையோ இன்சூரன்ஸோ பார்க்கிறான். வேறு தொழில் பார்க்கிறாயே, நீ எப்படிப் பத்திரிகையாளன் என்று கேட்பதற்கு அது போதும். அவனுக்குக் கமிஷன் தருவது விளம்பரம்; விளம்பரம் தருவது பிரமுகர். பிரமுகர் பெயரை விட்டுவிட்டு, வெறுங்காலோடு ஓடியவள் பெயரை அவன் எப்படிப் போடுவான்? நாம்தான் ஆகட்டும், அவள் பெயருக்காகக் காசு கொடுத்துப் பேப்பர் வாங்கினோமா?

சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டி மாரியப்பன் 2016-இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வாங்கினார். அப்புறம்தான் நாமெல்லாம் படித்தோம்: ஐந்து வயதில் பஸ் மோதிக் கால் போன கதை, பள்ளிக்கூட விளையாட்டு வாத்தியார் அவரை உயரம் தாண்டத் தூண்டிய கதை, பதினாலாம் வயதில், ஊனமில்லாத பிள்ளைகளோடு போட்டியிட்டு இரண்டாமிடம் வந்த கதை. அந்தப் பதினாலாம் வயதுப் போட்டியில் என் நண்பர் இருந்திருந்தால் என்ன கேட்டிருப்பார் என்பதுதான் அவருக்குத் தெரியுமே.

மாரியப்பன் தாண்டிவிட்டார். தாண்டாமல் நின்றுவிட்டவர்கள் கணக்கு எவரிடமும் இல்லை. எம் இனிஷியல் பெண்ணை நான் அப்புறம் பார்க்கவில்லை. அன்றைய பேப்பரை அவள் எங்கே போய் வாங்கினாளோ, யாரை விட்டுப் படிக்கச் சொன்னாளோ, அந்தப் பதினோரு பெயர்களுக்குள் எத்தனை தரம் தேடினாளோ. அதை நினைக்கும்போது மட்டும் நான் எழுதிய கதைகள் எனக்கு அவ்வளவு பெரிதாகத் தெரிவதில்லை.

புதன்கிழமை பையன் வந்தான். கடிதத்தை எழுதி வைத்திருந்தேன். கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தேன்: இவனை விளம்பரம் பிடிக்க அனுப்ப வேண்டாம் என்று. பையன் அதைப் படித்துவிட்டு வெகு நேரம் தரையைப் பார்த்தான்.

"அண்ணே, இந்த வரி இருந்தா வேலை கெடைக்காதுண்ணே" என்றான். "வீட்ல ரெண்டு தங்கச்சி."

வேறு தாள் எடுத்து, அந்த வரி இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்.