கை கழுவ நேரம் ஏது? நர்சு படித்தது ஒன்று, வார்டில் நடப்பது ஒன்று

கடலூர்—

ஒரு நோயாளியைத் தொட்ட கையைக் கழுவாமல் அடுத்தவரைத் தொடக்கூடாது. எழுந்திருக்க முடியாதவரை நேரத்துக்கு நேரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். இதெல்லாம் ஆராய்ந்து கண்டது. நர்சுகளுக்கு இதுதான் பாடம்.

வார்டில் நடக்கிறதா? ஆள் வேண்டுமே!

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்றால் 3 படுக்கைக்கு ஒரு நர்சு, மற்ற ஆஸ்பத்திரிக்கு 5க்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி 2021ல் சுகாதாரத் துறைக்கு வந்துவிட்டது. ஆகவே அங்கே 3. கடலூர் அரசு தலைமை ஆஸ்பத்திரிக்கு 5.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 3 ஷிப்டுக்குப் பிரித்தால் 9 பேருக்கு ஒருவர், 15 பேருக்கு ஒருவர் என்று ஆகிவிடும்! அதுவும் எல்லா இடமும் நிரம்பியிருந்தால்தான்.

ஐரோப்பாவில் 9 நாடுகளில் எடுத்த கணக்கு 2014ல் வெளியானது. நர்சு தலையில் ஒரு நோயாளி கூடினால், ஆபரேஷன் ஆனவர் 30 நாளுக்குள் சாகும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறதாம்.

இங்கே 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் இருந்த நர்சுகள் 2017 நவம்பரில் சென்னையில் திரண்டு போராடினார்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர், "இப்படிச் செய்யலாமே சிஸ்டர்" என்று இன்சார்ஜிடம் சொல்வாரா?

கட்டிலுக்குப் பக்கத்திலேயே கை தேய்க்கும் மருந்து இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009லேயே சொல்லிவிட்டது. செலவு சின்னதுதான். ஆனால் இன்டென்ட் போட்டு, ஸ்டோரிலிருந்து வர வேண்டும். கையெழுத்து மேலே இருப்பவருடையது.