பழைய சுவர்

எங்கள் எதிர்வீட்டு நண்பர் சென்ற மாதம் குடும்பத்துடன் இத்தாலி தேசம் சென்று திரும்பினார். பிளாரன்ஸ் நகரிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர் தொலைவில், குன்றின்மேல் நிற்கும் மாண்டிகுபோனி என்னும் பழைய கோட்டையில் தங்கினாராம். அது இப்போது விடுமுறைக்கு வருவோர் வாடகைக்குத் தங்கும் விடுதி.

"காலையில் நீச்சல் குளம், பகலில் ஆலிவ் தோப்பில் உலாவல், மாலையில் திராட்சைத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே சாய்வு நாற்காலி! பரம சுகம், ஸார். மற்றபடி அங்கே என்ன இருக்கிறது? எங்கே பார்த்தாலும் பழைய சுவர்தான்" என்றார்.

பழைய சுவர் என்று காதில் விழுந்த பிறகு சரித்திர உபாத்தியாயர் ஒருவர் சும்மா இருக்க முடியுமா?

அந்தச் சுவர் ஆச்சியாயோலி என்ற பிரபு வம்சத்தாருடையது. அவர்களில் நிக்கோலோ என்பவர் 1310-ல் அங்கே பிறந்து, நேப்பிள்ஸ் ராஜ்யத்தின் மிகப் பெரிய அதிகாரியாக உயர்ந்தவர். காலப்போக்கில் கோட்டை சீரழிந்தது. சுற்றுப்புறக் குடியானவர்கள் பலர் அதனுள் குடியேறி வாழ்ந்து வந்தார்கள். 1909-ல் ஸர் ஜார்ஜ் ஸிட்வெல் என்ற ஆங்கிலேயர் அதை விலைக்கு வாங்கிப் புதுப்பித்தார்.

டஸ்கனி நாட்டுப்புறத்தில் அக்காலத்தில் பெரும்பாலும் வாரச் சாகுபடிதான். விளைச்சலில் பாதி நிலச் சொந்தக்காரருக்கு, பாதி உழுதவனுக்கு. இரண்டாவது உலக யுத்தத்துக்குப் பின் குடியானவர்கள் பட்டணத்துத் தொழிற்சாலைகளை நாடிப் போனார்கள். 1964-ல் புதிய வார ஒப்பந்தங்களைச் சட்டம் தடுத்துவிட்டது. காலியாய்க் கிடந்த கல் வீடுகள் பல பின்னர் விருந்தினர் விடுதிகளாயின. பயிர்த்தொழில் செய்வோர் விருந்தினரை ஏற்று உபசரிப்பதற்கென்றே 1985-ல் தனிச் சட்டமும் பிறந்தது. இன்று உல்லாசப் பிரயாணி சாய்ந்திருக்கும் தாழ்வாரத்தில், ஒரு தலைமுறைக்கு முன் யாரோ தானியத்தைப் பாதி பாதியாக அளந்திருப்பார்கள்.

ஆனால் மாண்டிகுபோனிக்கு இதைக் காட்டிலும் பெரிய கதை ஒன்று உண்டு.

யுத்த காலத்தில் குண்டு வீச்சுக்கு அஞ்சி, பிளாரன்ஸின் உபீத்ஸி சித்திரசாலையிலிருந்த படங்களை நாட்டுப்புறக் கோட்டைகளில் ஒளித்து வைத்தார்கள். மாண்டிகுபோனிக்கு வந்தவற்றுள் பொட்டிச்செல்லியின் 'வசந்தம்' ஒன்று. 1480-ஐ ஒட்டி மரப்பலகையில் தீட்டப்பெற்ற அந்தச் சித்திரம் மூன்று மீட்டருக்கும் அதிகமான அகலம் கொண்டது. ஜியோட்டோவின் மாதா படமும், உச்செல்லோவின் போர்க்களக் காட்சியும் அங்கே இருந்தன.

முதலில் ஜெர்மன் படையினர் வந்து தங்கினார்கள். கிர்லாந்தாயோ வரைந்த வட்டமான படம் ஒன்றை அவர்கள் மேஜைப் பலகையாகவே உபயோகித்தார்களாம்! உபீத்ஸியின் நூலக அதிகாரி சேஸரே பஸோலா, பிளாரன்ஸிலிருந்து போர்முனை வழியே கால்நடையாக வந்து, படங்களுக்குக் காவலாக அங்கேயே தங்கிவிட்டார்.

1944 ஜூலை மாத இறுதியில் கோட்டைக்குள் நுழைந்த நேச தேசப் படையினர் யார் தெரியுமா? எட்டாவது இந்திய டிவிஷனைச் சேர்ந்த நம் சிப்பாய்கள்! பகைவர் வெகு தூரம் போய்விடவில்லை. நிலவறைகளில் ஊர்மக்கள் அடைக்கலம் புகுந்திருந்தார்கள். அந்த டிவிஷனுடன் வந்த எரிக் லிங்க்லேட்டர் என்ற எழுத்தாளர், சுவரோரம் சாத்தியிருந்த படங்களைக் கண்டு திகைத்துப் போனார். உடனே அறைகளுக்குக் காவல் போடப்பட்டது. யுத்தம் முடிந்து 'வசந்தம்' பிளாரன்ஸ் திரும்பியது. இன்றும் உபீத்ஸியில் அதைக் காணலாம்.

தங்கள் தேசத்துக்கு அப்போது சுதந்திரம் இல்லை. அப்படியிருந்தும், வேறொரு தேசத்தாரின் பொக்கிஷத்துக்கு அவர்கள் காவல் நின்றார்கள். இத்தாலியில் உயிர் நீத்த இந்தியர் 5,000-க்கும் மேல். போர்லீ நகரில் அவர்களுக்கென்றே ஓர் இந்திய ராணுவ மயானம் இருக்கிறது. அந்தச் சித்திரத்தின் முன் நின்று வியக்கும் லட்சக்கணக்கானோரில் எத்தனை பேருக்கு இது தெரியும்? நம்மவர்களுக்கே தெரியாதபோது பிறரைக் குறை சொல்வானேன்!

நண்பர் சற்று நேரம் பேசவில்லை. அவருடைய பிள்ளை மட்டும் கைப்பேசியை எடுத்து, அம்மாவும் அப்பாவும் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். இருவருக்கும் பின்னால் கோட்டையின் வாசல் தெரிந்தது.

"மாமா, நம் சிப்பாய்கள் இந்த வழியாகத்தான் உள்ளே போயிருப்பார்களோ?" என்று கேட்டான்.

"போயிருக்கலாம், அப்பா" என்றேன்.

வெளியூர் சென்று சுகமாக ஓய்வெடுப்பதில் குற்றமே இல்லை. நீச்சல் குளத்திலும் தாராளமாக இறங்குங்கள். ஆனால் பெட்டியைக் கட்டுமுன், அவ்வூர்ப் பெரியவர் ஒருவரிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள்: "இந்த வீட்டில் முன்னே யார் இருந்தார்கள்?"