சிறு படிகமும் சிக்கனமும்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் நாட்டுப் பழமொழி. வானொலி அலைகளால் தொலைவிலிருந்து இயக்கப்படும் சிறு விமானம், படகு, மோட்டார் வண்டி முதலியவற்றின் பழைய கருவிகளுக்கு அவ்வச்சாணியாய் அமைந்தது விரல்நகத்தளவேயான ஒரு படிகம். அஃதொன்று இன்மையால், நல்ல கருவிகள் பல அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பெட்டிகளில் வாளா உறங்குகின்றன. அதனை எளிய விலைக்குப் பெறுதல் எங்ஙனம் என்பதே ஈண்டு யாம் ஆராயப் புகுவது. மலிவைத் தேடி அலைவதனால் அது கிடைப்பதன்று. உடையார் இல்லார்க்குப் பகிர்வதனாலேயே கிடைப்பது என்பது எம் கருத்து.

இப்படிகமாவது யாது? நம் பெரியோர் மாலையாகக் கோத்தணியும் ஸ்படிகக் கல்லின் இனமே அது. இக்காலத்தில் அதனைத் தொழிற்சாலைகளிலேயே வளர்த்தெடுக்கின்றனர். அழுத்தினால் மின்சாரம் தோற்றும் அதன் இயல்பைப் பிரான்சு நாட்டுச் சகோதரராகிய ஜாக் கியூரியும் பியேர் கியூரியும் 1880-ஆம் ஆண்டில் கண்டறிந்தனர். மெல்லிய தகடாக அறுத்து மின்சுற்றில் அமைப்பின், தன் கனத்திற்கேற்ற வேகத்தில் அது மாறாது அதிரும். அவ்வுறுதியே வானொலிக் கருவியைத் தன் வழியினின்றும் பிறழாது நிறுத்துவது.

அனுப்பும் கருவியாகிய டிரான்ஸ்மிட்டருக்கு ஒன்றும், ஏற்கும் கருவியாகிய ரிசீவருக்கு ஒன்றுமாக இப்படிகங்கள் இணையாகவே வேண்டப்படும். 27 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம் என நிறத்தாற் குறிக்கப்பெற்ற ஆறு வழிகள் உள. மஞ்சள் வழியில் அனுப்பும் படிகம் 27.145 மெகாஹெர்ட்ஸ், அதற்கிணையாய் ஏற்கும் படிகம் பெரும்பாலும் 455 கிலோஹெர்ட்ஸ் குறைந்து 26.690 ஆக இருக்கும். அலையை இருமுறை மாற்றி ஏற்கும் ரிசீவர்களுக்கோ கணக்கு வேறு. ஆதலின் எண் ஒத்தது என்று மட்டும் கண்டு வாங்கிய படிகம் ஒருவர் கருவியில் இயங்கி மற்றொருவர் கருவியில் இயங்காது போதலும் உண்டு.

2005-ஆம் ஆண்டை ஒட்டி 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் புதிய கருவிகள் இவ்விளையாட்டிற் புகுந்தன. அவை தமக்குரிய வழியைத் தாமே தெரிந்துகொள்ளும்; மாற்றிச் செருகும் படிகம் அவற்றிற்கு வேண்டுவதில்லை. ஆகவே பழைய படிகங்களுக்குத் தேவை குன்றிற்று. கடைகளில் அவை அரியவாயின. சிலர் மலிவான பொம்மை வண்டிகளை உடைத்துப் படிகம் எடுக்க முயல்வர். அவற்றின் அனுப்பும் பகுதியில் 27.145 கிடைத்தல் கூடும். ஏற்கும் பகுதியிலோ பெரும்பாலும் படிகமே இராது. பாதி இணை கைக்கு வந்து என்ன பயன்? குறைந்த விலைக்கு வாங்கிய பொருத்தமற்ற படிகம், விமானம் வானில் இருக்கும்போது அறிவிழந்து வீழுமாயின், விலையுயர்ந்த படிகத்தினும் விலை மிக்கதாய் முடியும்.

பழைய வரலாறு ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. இரண்டாம் உலகப் போரின்போது படைகளின் வானொலிகளுக்காக அமெரிக்காவிற் கோடிக்கணக்கான படிகங்கள் செய்யப்பட்டன. 1945-இற் போர் முடிந்தபின் எஞ்சியவை மிகக் குறைந்த விலைக்கு விற்கப்பட, கைப்பொருள் சுருங்கிய வானொலி ஆர்வலர் அவற்றை வாங்கித் தம் கையாலேயே தேய்த்து வேண்டிய அதிர்வெண்ணிற்குக் கொணர்ந்தனர். எளியவர்க்குப் படிகம் அன்றும் கிடைத்தது பிறர்க்கு மிஞ்சியதிலிருந்தே. இன்றைய படிகங்கள் உலோகக் கூட்டில் மூடப்பட்டமையின் தேய்த்தற்கு இடமில்லை. ஆயினும் மிஞ்சியவை உள. புதிய கருவிக்கு மாறினோர் பலரின் மேசை அறைகளில் அவை இணை இணையாய்க் கிடக்கின்றன.

ஆதலின் விமான, படகுக் கழகம் ஒவ்வொன்றும் பொதுப் படிகப் பெட்டி ஒன்று வைத்தல் நலம். தருவோர் படிகத்தோடு அதன் எண், செய்தவர் பெயர், எக்கருவிக்குரியது என்பனவற்றை எழுதித் தருக. அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ் விமானத்திற்கும் 75 தரையிலும் நீரிலும் செல்வனவற்றிற்கும் உரியன. பிரிட்டனில் 35 வானத்திற்கும் 40 நிலநீர்களுக்கும் உரியன. இவை கலவாதபடி காத்தல் கழகத்தின் கடன். பெறுவோர் மோட்டாரை நிறுத்தி, ஆன்டெனாவைச் சுருக்கி, பல அடி விலகி நடந்து சோதித்த பின்னரே இயக்குக.

புதிய கருவியே மலிவாயிற்றே, இத்துணை உழைப்பு எற்றுக்கு எனச் சிலர் வினவுவர். மக்கள் திரளும் வெளியிற் பறக்கவிடும் பெரிய விமானத்திற்குப் புதியதே தக்கது. அதனை யாம் மறுக்கிலேம். ஒரே வழியில் இருவர் அனுப்பினால் விமானம் கைவிட்டுப் போம் என்பதனாலேயே, பழைய நாளில் ஒவ்வொரு வழிக்கும் ஓர் அடையாள முளையைப் பலகையில் வைத்து, அதனைக் கையிற்கொண்டவனே கருவியை முடுக்கலாம் என விதித்தனர். பழைய கருவியைப் போற்றுவோர் அவ்விதியையும் போற்றுதல் வேண்டும். ஆயின் குளத்திற் படகு விடும் சிறுவனுக்கும், முற்றத்தில் வண்டி ஓட்டிப் பழகுபவனுக்கும் பழைய கருவி சாலும். உறுதியாய்ச் செய்யப்பட்ட ஒரு கருவியை நகத்தளவுக் கல் இன்மையாற் குப்பையில் எறிதல் சிக்கனமும் அன்று, அறிவும் அன்று.

தமக்குப் பயனற்றதெனப் பூட்டிவைத்த படிகத்தை ஒருவர் இன்று எடுத்துக் கொடுப்பாராயின், அதனாற் கண்விழிக்கும் கருவி ஒன்று எங்கோ காத்திருக்கின்றது.